சுடாத மெழுகு

முதலில் எனக்கு நோகவே இல்லை. இந்த வருத்தம் (நோயை நாங்கள் அப்படித்தான் சொல்லுவது) எப்படித் தொடங்கியது என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்லுவேன். மற்ற வருத்தங்கள் நோவைக் கொண்டு வரும். இது என்னிடம் இருந்த நோவை எடுத்துக்கொண்டு போனது. போனது எனக்குத் தெரியவும் இல்லை.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். நாலு பேருக்கு முன்னால் கதைக்கக் கூச்சப்படுகிறவள். ஆனால் இதே வருத்தம் வந்து அறைக்குள் ஒளிந்திருக்கிற யாராவது இதை வாசிக்கலாம் என்று மகள் சொன்னபடியால் எழுதுகிறேன்.

மண்டைதீவில் எங்கள் வீடு கடலுக்குக் கிட்ட. இவர் கடற்தொழில். இவர் என்றால் என் புருஷன். பெயர் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. இவருடைய தமக்கை அன்னம்மா, எனக்கு மச்சாள், தன் புருஷன் செத்துப்போன பிறகு எங்களோடு வந்து இருந்தா. பிள்ளை என்று எங்களுக்கு றீற்றா ஒருத்திதான்.

கோயில் திருநாளுக்கு மாதாவின் கூடு சோடிக்கிற கடதாசிப்பூ எங்கள் வீட்டில்தான் செய்வது. கூடு என்றால் சொரூபத்தை வைத்து ஆட்கள் தோளில் தூக்கிப் போவது. திருநாள் கிட்ட வர, விறாந்தையில் மேசையைப் போட்டு நாலு பேரும் சுற்றி இருப்போம். இவர் கம்பி வெட்டித் தருவார். றீற்றா கடதாசியை இதழ் இதழாய் வெட்டுவாள். மச்சாள் இதழைச் சேர்த்து நூலால் கட்டுவா. கட்டின பூவை என் கையில் தருவா, நான் உருக்கின மெழுகில் தோய்ப்பேன். மெழுகு இல்லாவிட்டால் கடற்காற்றில் கடதாசி ஒரு பகலிலே சோர்ந்துவிடும்.

பூவை ஒருவரும் கீழே வைக்கிறதில்லை. கையிலிருந்து கைக்குத்தான் போகும். வைத்தால் இதழ் நசியும் என்று மச்சாள் சொல்லுவா. பின்னேர வெயிலில் அந்தப் பூக்கள் மேசையைச் சுற்றிக் கைமாறிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு நித்திரை வருவது போல இருக்கும். நல்ல நித்திரை.

மெழுகு சூடாய் இருக்கும்போதே இதழின் ஓரத்தைக் கிள்ளி நெளித்துவிட வேணும். ஆறினால் வெடித்துப் போகும். றீற்றா ஒரு பூவுக்கே கையை உதறுவாள். மச்சாள் கரண்டிக் காம்பால் நெளிப்பா, அது சப்பையாய் வரும். ஒரு வருஷம் நான் விரலாலேயே நெளிக்கத் தொடங்கினேன். எனக்குச் சுடவில்லை.

"உமக்கென்ன, கையோ உலக்கையோ?" என்று மச்சாள் கேட்டா.

"சுடேல்லை மச்சாள்."

அவ என் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் பெண்களுக்குச் சொன்னா: "எங்கடை தம்பி பெஞ்சாதிக்கு மாதா ஒரு குணம் குடுத்திருக்கிறா. தன்ரை பூவைச் செய்யிற கையை மெழுகு சுடாது."

பார்க்க ஆட்கள் வந்தார்கள். நான் தலையை நிமிர்த்தாமல் பூவைத் தோய்த்துக்கொண்டே இருந்தேன். ஒருத்தி என் கையைத் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றினாள். அதற்கு முன் என்னை அப்படி ஒருவரும் பார்த்ததில்லை. அந்த வருஷத்து ரோசாப்பூக்கள் உண்மையாய்ப் பூத்தவை போலவே இருந்தன.

அதன் பிறகு ஏதோ ஒரு மெல்லிய துணி என் வலது கைக்கும் உலகத்துக்கும் நடுவில் வந்தது போல இருந்தது. தண்ணீர் அள்ளினால் தண்ணீர் தூரத்தில் இருந்தது. மாவு குழைத்தால் வேறு யாரோ குழைப்பது போல. முழங்கைக்குக் கீழே வெளிறின படை ஒன்று, காசளவு, பிறகு உள்ளங்கையளவு. தேமல் என்று நினைத்து விட்டுவிட்டேன். வாசிக்கிறவர்கள் அப்படி விடவேண்டாம். தொட்டுப் பாருங்கள். மரத்திருந்தால் அது தேமல் இல்லை.

ஒரு நாள் பின்னேரம். கடல் அசையாமல் எண்ணெய் போலக் கிடந்தது. நான் மெழுகுச் சட்டிக்குப் பக்கத்தில் இருந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, என்ன மணக்குது?" என்று றீற்றா கேட்டாள்.

"மாமி கருவாடு சுடுறா போலை."

"நான் இஞ்சை இருக்கிறன். ஆர் கருவாடு சுடுறது?" என்றா மச்சாள்.

மூன்று பேரும் ஒன்றாய்க் குனிந்து பார்த்தோம். என் சின்னவிரல் சட்டியின் விளிம்பில் ஒட்டியிருந்தது.

பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு இவரும் றீற்றாவும் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். டொக்டர் வயது குறைந்தவர், மெல்லக் கதைப்பார். முழங்கைக்குப் பின்னால் அமத்திப் பார்த்தார். அங்கே நரம்புத் தடிப்பு (உள்ளே கயிறு போல ஒன்று வீங்கித் திரண்டிருப்பது) இருந்தது. பிறகு சொன்னார்:

"அம்மா, கண்ணை மூடுங்கோ. பஞ்சாலை தொடுவன். தொட்ட இடத்தை மற்றக் கையாலை காட்டுங்கோ."

மூடினேன். வெளியில் யாரோ வாளியை வைத்த சத்தம் கேட்டது. குருவி கத்தியது. கண்ணுக்குள் சிவப்பாய், பிறகு மஞ்சளாய் வெளிச்சம் நீந்தியது. அவர் வேறு யாருடனோ வேலையாய் இருக்கிறார் என்று நினைத்து நல்லாய்க் காத்திருந்தேன். கடைசியில் கூச்சத்தை விட்டுக் கேட்டேன்.

"எப்ப துவங்குவியள் டொக்டர்?"

"முடிஞ்சுது அம்மா."

கண்ணைத் திறந்தேன். றீற்றா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தொழுநோய் என்றார் டொக்டர் (எங்கள் பக்கத்தில் பெருவியாதி என்று குரலைத் தாழ்த்திச் சொல்லுவார்கள்). நரம்பைத் தின்னுகிற கிருமி. என்னுடையது லேசில் மற்றவருக்குத் தொற்றாத வகை என்றும், குளிசை (விழுங்குகிற மாத்திரை) இருக்கிறது என்றும், வருஷக்கணக்கில் விடாமல் போடவேணும் என்றும் சொன்னார்.

இவர் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு கேட்டார்: "வீட்டிலை வைச்சிருக்கலாமோ?"

"வைச்சிருக்கவோ? அவ என்ன, அலுமாரியோ? வீட்டிலை இருக்கிறவ, இருக்கட்டும். ஒரு மேசையிலை சாப்பிடுங்கோ. ஒரு குறையும் வராது."

றீற்றா மெழுகுக் கதையைச் சொன்னாள். மாமி அதை அற்புதம் என்று சொன்னதையும் சொன்னாள். டொக்டர் சிரிக்கவில்லை.

"அதுதான் வருத்தம் பிள்ளை," என்றார். என்னைப் பார்த்து, "இனி நெருப்பு, மெழுகு ஒண்டுக்கும் கிட்டப் போகப்படாது. உங்கடை கை இனி உங்களுக்கு ஒண்டும் சொல்லாது. கண்ணாலைதான் கேக்கவேணும்."

பண்ணைப் பாலத்தால் பஸ் வந்தது. இரண்டு பக்கமும் பரவைக்கடல். பஸ் ஓடவில்லை, தண்ணீர்தான் பின்னால் போகிறது போல எனக்கு இருந்தது. இறங்கும்போது இவர், "இஞ்சாரும், குளிசை போட நான் ஞாபகப்படுத்துவன்," என்றார். அவர் எனக்குச் சொன்ன பெரிய வார்த்தை அது.

மச்சாளுக்கு றீற்றாதான் சொன்னாள். அவ கேட்டுக்கொண்டு நின்றா. பிறகு குசினிக்குள் போய்ச் சோறு போட்டு எனக்குக் கொண்டுவந்து வைத்தா. நான் சாப்பிடுகிற கோப்பையைப் பிரித்து வைக்கவில்லை. நான் நிம்மதியாய்ச் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் மேசைக்கு வந்தோம். மெழுகு இனி றீற்றாவுக்கு, நெளிக்கிற வேலை கரண்டிக் காம்புக்கு. காய்ந்த பூக்களைக் கொத்தாய்க் கட்டுவது எனக்கு. நான் கையை நீட்டினேன். மச்சாள் பூவோடு தன் கையைக் கொண்டுவந்தா. பாதியில் நிற்பாட்டினா. பிறகு ஒரு தட்டத்தை எடுத்து நடுவில் வைத்துப் பூவை அதில் வைத்தா.

"இதிலை வைக்கிறன். எடும்."

அவ்வளவுதான். அன்றைக்குத்தான் எனக்கு வருத்தம் வந்தது. விரல் நிமிர வேணும் என்று நான் செபித்ததில்லை. மச்சாள் பழையபடி என் கையைத் தொட வேணும் என்றுதான் ஒவ்வொரு நாளும் செபித்தேன்.

றீற்றாவுக்குப் பொறுக்கவில்லை.

"மாமி, ஊரெல்லாம் போய் அற்புதக் கை எண்டு சொன்னது ஆர்? இப்ப உங்களுக்குத் தட்டம் தேவைப்படுதோ?"

"வாயைப் பொத்தடி!"

"டொக்டர் தொட்டவர். அவருக்கு ஒண்டும் வரேல்லை."

"டொக்டர் படிச்சவர். நான் பாத்தனான்." மச்சாளின் குரல் உடைந்தது. "என்ரை சின்னம்மாவை இதே வருத்தமெண்டு இந்தக் கரையிலைதான் வள்ளத்திலை ஏத்திக்கொண்டு போனவை. நான் சின்னப் பிள்ளை. என்னைத் தூக்கி வளர்த்தவ. கடைசியாய் ஒருக்காத் தொடவெண்டு கையை நீட்டினா. எங்கடை அம்மா என்னைப் பின்னாலை இழுத்துப்போட்டா. எனக்குப் பயம்தானடி. பயத்தை என்ன செய்ய? ஏலாது."

அதன் பிறகு றீற்றா அந்தக் கதையை எடுக்கவில்லை. எனக்கும் மச்சாளில் கோபம் வரவில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கடல் கிடந்தது. அவ அந்தக் கரையில் நின்று எனக்குச் சோறு போட்டா.

டப்சோன் குளிசையைத் தொடங்கின புதிதில் தலை சுற்றும், முகம் வெளிறும். பயப்பட வேண்டாம், டொக்டரிடம் சொல்லுங்கள். சில மாதம் போக எனக்கு நரம்பு அழற்சி (மருந்தில் கிருமி சாகும்போது நரம்பு சூடேறி வீங்குவது) வந்தது. மருந்து பிழையாய்ப் போய்விட்டது என்று பலர் இந்த இடத்தில் குளிசையை நிற்பாட்டி விடுவார்களாம். நிற்பாட்டாதீர்கள். என்னை ஆஸ்பத்திரியிலேயே மறித்துப் படுக்கவைத்தார்கள். முழங்கையிலிருந்து நெருப்புக் கயிறு ஓடினது போல நோவு. நான் முழித்துக்கொண்டு கிடந்து சிரித்தேனாம், நேர்ஸ் சொன்னா. நோவு திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தேன். அது வந்த வழியே போய்விட்டது.

அந்தக் கட்டிலில் கிடந்த நாட்கள் எனக்கு வரிசையாய் ஞாபகமில்லை. யன்னல் சீலை காற்றில் ஊதி ஊதி அடங்கும். அது ஒரு பெரிய வெள்ளைப்பூ, யாரோ அதை மெழுகில் தோய்க்க மறந்துவிட்டார்கள் என்று நினைப்பேன்.

வீட்டுக்கு வந்தபோது மோதிர விரலும் சின்னவிரலும் மடங்கியிருந்தன. காலையும் மாலையும் கையைத் தண்ணீரில் ஊற வைத்து, எண்ணெய் தடவி, தொடையில் வைத்து மற்றக் கையால் நீவ வேணும். நீவினபடியால்தான் என் விரல்கள் முழுதும் மடங்கவில்லை. தோல் வெடிக்காமலும் இருந்தது. சோம்பல் வரும். வந்தாலும் நீவுங்கள்.

அவை வெளிநாட்டுச் சாமான் கடைகளில் கிடைக்காத வருஷங்கள். நல்ல கடதாசியும் இல்லாமல் போனது. ஒரு நாள் இவர் பெரிய விளைமீன் செதில்களை வாளியோடு கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"இதென்ன, பூவோ கறியோ?" என்று மச்சாள் மூக்கைப் பொத்தினா.

"கழுவிப் பாத்திட்டுச் சொல்லுங்கோ அக்கா," என்றார் இவர்.

சாம்பலில் தேய்த்து, பல தண்ணீரில் அலசி, நிழலில் காயவிட்டோம். காய்ந்த செதில் மல்லிகை இதழ் போல, உள்ளே வானவில் வைத்த மல்லிகை போல வந்தது. மெழுகு வேண்டாம், நெருப்பு வேண்டாம். ஊசியால் துளைப்பது றீற்றா. ஊசி எனக்கு ஆகாது, குத்தினாலும் தெரியாது. எந்தச் செதில் மெல்லியது, எது தடித்தது என்று பிரிப்பது என் வேலை. விரலுக்குத் தெரியாததைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். கன்னத்துக்குத் தெரிந்தது. மெல்லியது குளிரும், தடித்தது கீறும். உடம்பில் ஒரு இடம் கதவைப் பூட்டினால் இன்னொரு இடம் திறக்கிறது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு வெகுகாலம் எடுத்தது.

முதல் வருஷம் அந்தப் பூக்களைக் கூட்டிலிருந்து ஒருவரும் எடுக்கவில்லை. கூடு ஊரைச் சுற்றி வருகிற சுற்றுப்பிரகாரம் முடிந்தால் கூட்டுப் பூவை வீட்டுக்கு எடுத்துப் போவது எங்கள் ஊர்ப் பழக்கம். இவர் ஒன்றை எடுத்து வள்ளத்தின் அணியத்தில் (முன்பக்கத்தில்) கட்டிக்கொண்டு கடலுக்குப் போனார். அடுத்த வருஷம் இரண்டொரு பேர் எடுத்தார்கள். பிறகு நான் பார்க்கப் போவதை விட்டுவிட்டேன்.

றீற்றாவுக்கு நாரந்தனையில் கலியாணம் சரிவந்தது. டொக்டர் சொன்னதை மறைக்காமல் அவர்களுக்குச் சொன்னோம். மாப்பிள்ளையின் தாய் வந்து என் வீட்டில் தேத்தண்ணி குடித்தா. மச்சாள்தான் ஊற்றிக் கொடுத்தா.

ஒரு நாள் டொக்டர், இனிக் குளிசை வேண்டாம், கிருமி இல்லை என்றார். இவர் அவரைக் கும்பிட்டார். நான் என் கையைப் பார்த்தேன். கை ஒன்றும் சொல்லவில்லை. போன உணர்ச்சி திரும்பாது, வருத்தம் மாறுவது வேறு, கை திரும்புவது வேறு என்று டொக்டர் முந்தியே சொல்லியிருந்தார். இதைத் தெரிந்துகொண்டால் மனம் உடையாது.

இப்போது என் கை எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் எனக்குத் தெரியும். தொடுவது முதலில் நடக்கும். நான் பார்ப்பது பிறகு. தெரிவது அதற்கும் பிறகு. நடுவில் ஒரு சின்ன நேரம் இருக்கிறது. மற்றவர்களுக்கு அந்த நேரம் இல்லை. முந்தி அதற்குள் விழுந்துவிடுவேன் என்று பயந்தேன். இப்போது அதற்குள் இருக்கப் பழகிவிட்டேன். மெத்தென்ற இடம் அது.

போன திருநாளுக்கு முந்தின கிழமை றீற்றா பிள்ளைகளோடு வந்து, அவர்களைக் குளிப்பாட்டக் கிணற்றடிக்குப் போயிருந்தாள். இவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு முற்றத்தில் இருந்தார். மேசையில் மச்சாளும் நானும். மச்சாளுக்கு இப்போது கண் சரியில்லை. செதில்கள் வெயிலில் பச்சையாயும் நீலமாயும் மினுங்கின. மண்கும்பான் பக்கமாய் ஒரு பாய்வள்ளம் போனது. அது போய் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு வேலையைத் தொடரலாம் என்று என் கையைத் தேடிக் குனிந்தேன்.

மேசையில் என் வலது கை கிடந்தது. அதற்கு மேல் மச்சாளின் கை கிடந்தது. நடுவில் பூ இல்லை, ஒன்றுமில்லை. மடங்கின இரண்டு விரலையும் அவ தன் விரலால் சுற்றிப் பிடித்திருந்தா. முகம் கடல் பக்கம். வாய்க்குள் செபம் போய்க்கொண்டிருந்தது.

எப்போது பிடித்தா என்று எனக்குத் தெரியாது. அப்போதுதானோ, வள்ளம் வரமுந்தியோ, பின்னேரம் முழுதுமோ. நான் கேட்கவில்லை. கையை அசைக்கவுமில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.