பிழியக்கூடாத துணிகள்

எங்கள் அத்தான் ரோடு ரோலர் ஓட்டுகிறவர். அந்த உத்தியோகத்துக்கென்றே அளவெடுத்துச் செய்த உடம்பு. முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று கை கழுவக் குழாயைத் திறந்தார். குழாயின் தலை கையோடு வந்துவிட்டது. அப்பா துண்டைச் சுற்றித் தண்ணீரை நிறுத்தப் படாதபாடு பட்டார். அத்தான் அந்தத் தலையைக் கையில் வைத்துக்கொண்டு, "இது முன்னாடியே லூசாத்தான் இருந்துச்சு" என்றார். இன்றுவரை அவர் கைபட்டு உடைந்த எல்லாமே முன்னாடியே லூசாக இருந்தவைதாம். வாளியின் கைப்பிடி, சன்னல் கொக்கி, என் ஜெராக்ஸ் கடையின் ஷட்டர், ஒருமுறை என் மூக்குக்கண்ணாடி. நான் அவருக்கு மச்சினி. அவரைக் கேலி செய்வது என் பிறப்புரிமை, அதை ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை.

அக்கா மருந்துக்கடையில் கல்லாவில் உட்காருகிறவள். பேச்சு வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. சில்லறை இல்லாமல் வருகிறவன் அவள் போடுகிற சத்தத்தில் தனக்குக் காய்ச்சல் என்பதையே மறந்துவிடுவான். துணி துவைத்தாலும் அதே கோபம்தான். அவள் பிழிந்து போட்ட சட்டையில் ஈரம் மட்டுமல்ல, பொத்தானும் மிஞ்சாது. அத்தானின் காக்கிச் சட்டைகளுக்கெல்லாம் பொத்தான் தைத்துக் கொடுப்பது என் வேலை. அவர்கள் கீழ்வீட்டில், நான் மாடியில். கீழே நடக்கிற சண்டை ஒரு வார்த்தை குறையாமல் எனக்குக் கேட்கும்; டிவி வாங்க வேண்டிய அவசியமே எனக்கு வரவில்லை.

அவர்களுடைய ஒரே பையன் வேலை கிடைத்து வெளியூர் போனதும் அந்தச் சத்தமும் நின்றுவிட்டது. அக்கா வேலை விட்டு வருவாள், சமைப்பாள், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் கத்தாமல் இருந்தது எனக்கும் அத்தானுக்கும் பயமாக இருந்தது. அந்தச் சமயத்தில்தான் முழங்கால் வலிக்கு டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னார். அவர் மனதில் இருந்தது வீட்டைச் சுற்றி நாலு சுற்று. அக்கா எதை அரைகுறையாகச் செய்திருக்கிறாள்? விடிகாலையில் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டும் பெண்கள் குழுவில் சேர்ந்தாள். வளைந்த கைப்பிடி வைத்த சைக்கிள், ஹெல்மெட், மஞ்சள் ஜெர்சி, கறுப்பு ஷார்ட்ஸ் என்று சகல ஏற்பாடுகளோடும் ஒருநாள் வந்து நின்றாள். அத்தான் ஷார்ட்ஸை வாங்கி உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"இதென்ன, உள்ள தலையணை வெச்சுத் தெச்சிருக்கான்?"

"உக்கார்ற இடம் வலிக்காம இருக்கத்தான்."

"எனக்கும் ஒண்ணு வாங்கியிருக்கலாம்ல? இத்தனை வருஷமா ரோலர் சீட்டுல உக்கார்றேன், வலிக்குதான்னு ஒரு நாய் கேட்டதுண்டா?"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அக்கா தெருவில் சைக்கிளை இறக்கியபோது அவர் முகத்தில் சிரிப்பில்லை. ரோட்டிலேயே பிழைக்கிறவர், ரோடு மனிதர்களை என்ன பாடு படுத்தும் என்று கண்ணால் பார்த்தவர்.

"ஒரே ஒரு தடவை விழுந்தாலும் அன்னைக்கே சைக்கிளை வித்துடணும். சரின்னு சொல்லிட்டு ஏறு" என்றார்.

அக்கா ரோஷக்காரி. "விழுந்தா நானே வித்துடறேன். சொன்னா சொன்னதுதான். இவதான் சாட்சி" என்று என்னைக் காட்டிவிட்டு ஏறிப்போனாள். திரும்பி வரும்போது முகமெல்லாம் வேர்வை, வாயெல்லாம் பல். வந்ததும் வராததுமாக, வாசலில் செருப்பைக் கண்டபடி போட்டிருக்கிறேன் என்று என்னை ஒரு பிடி பிடித்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் அக்கா திரும்பி வந்துவிட்டாள் என்று இருந்தது.

அந்தச் சைக்கிள் துணியையும் முதலில் அவள்தான் துவைத்தாள். கொதிக்கிற தண்ணீரில் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, துணி மெத்தென்று ஆவதற்கு ஊற்றுகிற வாசனைத் தண்ணியைத் தாராளமாக ஊற்றி, கடைசியில் இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிந்து வெயிலில் போட்டாள். உள்ளே இருந்த மெத்தை உருண்டை உருண்டையாகத் திரண்டுகொண்டது. மறுநாள் அதைப் போட்டு ஓட்டிவிட்டு வந்தவள் நின்றுகொண்டேதான் காப்பி குடித்தாள்.

அடுத்த ஷார்ட்ஸ் வந்ததும் அத்தான் அதைக் கைப்பற்றிவிட்டார். உள்ளே தைத்திருந்த சின்னத் துண்டில் பொடிப் பொடிப் படங்கள் இருந்தன. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

"பாரு, தொட்டிக்குள்ள கை. கையால துவைக்கணும்னு அர்த்தம். இங்க பாரு, முறுக்கின துணி, அதுக்குக் குறுக்கே கோடு. பிழியாதேன்னு போட்டிருக்கான். உன்னைத் தெரிஞ்சவன் எவனோதான் இதைத் தெச்சிருக்கான்."

"அப்ப நீங்களே துவைங்க. குழாயைத் திறந்தாலே கையோட வரும், இந்த லட்சணத்துல ஜெர்சி" என்றாள் அக்கா.

நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தக் கை இந்தத் துணியைத் தொட்டால் நூல் நூலாக வரும் என்று வேடிக்கை பார்க்கவே கீழே இறங்கினேன். அத்தான் குளியலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, பெரிய தொட்டியில் பச்சைத் தண்ணீர் பிடித்து, ஒரு மூடி சோப்புத் திரவம் விட்டுக் கலக்கினார். ஜெர்சியின் ஜிப்பை மூடினார். எல்லாவற்றையும் உள்வெளியாகத் திருப்பி நீரில் அமுக்கினார். தேய்க்கவில்லை, கசக்கவில்லை. உள்ளங்கையால் அமுக்குவது, விடுவது, அமுக்குவது, விடுவது. தண்ணீர் தெளியும்வரை அலசினார். அப்புறம் தடித்த துண்டு ஒன்றைத் தரையில் விரித்து, ஜெர்சியை அதன்மேல் பரப்பி, துண்டோடு சேர்த்து ஓரத்திலிருந்து சுருட்டி, கையை ஊன்றி நிதானமாக அழுத்திக்கொண்டே போனார். ஈரம் மொத்தமும் துண்டுக்குப் போய்விட்டது.

"எங்க கத்துக்கிட்டீங்க அத்தான்?" என்றேன்.

"இதுல கத்துக்க என்ன இருக்கு? உருட்டி அமுக்கறதுதானே நம்ம தொழில்" என்றார். பிரித்து எடுத்த ஜெர்சியில் ஒரு சுருக்கம் இல்லை. பொறாமையாக இருந்தது.

அன்றிலிருந்து அது அவர் ராஜ்ஜியம். நிழலில்தான் காயவேண்டும் என்று மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் தனிக் கயிறு கட்டினார். அக்கா காலையில் ஓட்டிவிட்டு, துணியைக் கூடையில் போட்டுவிட்டுக் கடைக்கு ஓடிவிடுவாள். அவர் வேலை விட்டு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் முதலில் அந்தக் கூடையைத்தான் தேடுவார். இரண்டு பேரும் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசி நான் பார்த்ததில்லை. ஆனால் குளியலறையில் அவர் துணியை அமுக்கிக்கொண்டிருக்கும்போது அக்கா வாசற்படியில் நின்று, இன்றைக்கு எந்தப் பக்கம் போனோம், எந்த மேட்டில் யாரை முந்தினேன் என்று கதை அளப்பாள். அவர் "ம்" போடுவார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்கள் அதிகம் பேசிக்கொண்டது அந்த ஈரத்தரையில்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா நேராக மாடிக்கு, என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பை. முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். நடையில் ஒரு சாய்வு.

"கதவைச் சாத்துடி" என்றாள்.

பைக்குள் மஞ்சள் ஜெர்சி. இடுப்புப் பக்கம் கறுப்பாகத் தார் அப்பியிருந்தது. ஷார்ட்ஸில் ஒரு சிராய்ப்பு.

"விழுந்துட்டியா?"

"கத்தாதே! தண்ணி டேங்க் வளைவுல. அங்க புதுசா ரோடு போட்டிருக்காங்கல்ல, எங்க வீட்டுக்காரர் போட்டதுன்னு அவளுங்களுக்குக் காட்டணும்னு நான்தான் கூட்டிட்டுப் போனேன். அத்தனை பேர் முன்னாடி சறுக்கி விழுந்தேன். அவர் போட்ட ரோட்டுலயே ஒழுங்கா ஓட்டத் தெரியலைன்னா மத்த ரோட்டுல நான் எப்படி ஓட்டுவேன்? சைக்கிளை வித்துடுன்னு சொல்லிடுவார்டி. சொன்னா நான் வித்துத்தான் ஆகணும்."

அவள் முழங்கையைப் பார்த்தேன், தோல் வழண்டிருந்தது. மருந்து போட்டுவிட்டேன். என் வாஷிங் மெஷினில் மென்மையான துணிகளுக்கென்று ஒரு பட்டன் உண்டு; அதுவரை நான் அதைத் தொட்டதே இல்லை. துணிகளை வலைப்பைக்குள் போட்டு, அந்தப் பட்டனை அழுத்தினேன். மெஷின் தொட்டில் ஆட்டுகிற மாதிரி இப்படியும் அப்படியும் அசைந்தது. நாங்கள் இருவரும் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் குத்தவைத்து, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம். வேர்வை போனது, மண் போனது. தார் மட்டும் அசைந்துகூடக் கொடுக்கவில்லை. என் வீட்டுக்குள்ளேயே கயிறு கட்டி, மேலே ஒரு போர்வையைப் போட்டு மூடினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

சாயங்காலம் அத்தான் படியேறி வரும் சத்தம் கேட்டது. கூடையைப் பார்த்திருக்கிறார், காலி.

"உங்க அக்கா துணி எங்க?"

"அது... மெஷின்ல போட்டோம் அத்தான். உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு..."

"மெஷின்லயா?" அந்தப் பெரிய முகம் சுருங்கிப்போயிற்று. அக்காவைப் பார்த்தார். "ஏன், நான் செத்தா போயிட்டேன்?"

அக்கா தரையைப் பார்த்தாள். அவர் போர்வையைத் தூக்கினார். ஜெர்சியைக் கையில் எடுத்து, கறையை நகத்தால் சுரண்டி முகர்ந்தார். ஊரில் அந்த வாரம் பச்சைத் தார் இருந்தது ஒரே ஒரு இடத்தில்தான், அது அவருக்குத் தெரியாதா? கத்தப்போகிறார் என்று காதைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

"கொஞ்சம் எண்ணெய் கொடு" என்றார் என்னிடம். கறையில் எண்ணெயைத் தொட்டுத் தொட்டுக் கட்டைவிரலால் வருடினார். தார் மெல்ல இளகி வந்தது. பிறகு சோப்பு நீரில் அமுக்கி, அலசி, துண்டில் சுருட்டி, மொட்டைமாடிக்குப் போய்த் தன் கயிற்றில் போட்டுவிட்டு இறங்கினார்.

"நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் தண்ணி டேங்க் வளைவுக்கு வாங்க. சைக்கிளையும் எடுத்துட்டு வா."

அவ்வளவுதான் பேச்சு. சைக்கிள் வாங்க யாரையோ அங்கே வரச்சொல்லியிருக்கிறார் என்று அக்கா முடிவு கட்டிவிட்டாள். மறுநாள் அவள் ஏறி ஓட்டவில்லை, தள்ளிக்கொண்டே வந்தாள். வழியெல்லாம் அதன் கைப்பிடியைத் தடவிக்கொண்டு வந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. இந்த மனுஷனை இன்றைக்குத் துவைத்துக் காயப்போட்டுவிடுவது என்று தீர்மானம் செய்துகொண்டு நடந்தேன்.

வளைவில் வேறு யாரும் இல்லை. அத்தான் மட்டும் ரோலரை ஓரத்தில் முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் நிறுத்தி இறங்கினார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"நேத்து விழுந்துட்டேன். மறைச்சது தப்புதான். சொன்னா சொன்னதுதான். யாருக்குக் கொடுக்கணும்னு சொல்லுங்க, கொடுத்துடறேன்."

"ஏன் விழுந்தே?" என்றார் அத்தான்.

"திருப்பத் தெரியாமதான்."

"இல்ல. ஓரத்துல ஜல்லி பிடிப்பில்லாம கிடந்துச்சு. கடைசியா ஒரு ஓட்டு ஓட்டியிருந்தா அமுங்கியிருக்கும். ஓட்டலை."

"எந்தச் சோம்பேறி ஓட்டலை?" என்றேன் நான்.

"நான்தான்." காலால் தரையைத் தேய்த்தார். "வெள்ளிக்கிழமை மழை கருக்கிச்சு. காலையில இவ கழட்டிப்போட்ட துணி வேர்வையோட கூடையில கிடக்குமேன்னு நினைப்பு வந்துடுச்சு. வாடை ஏறிட்டா அப்புறம் போகாது. ஓரம்தானே, திங்கக்கிழமை பாத்துக்கலாம்னு வந்துட்டேன்."

அக்கா ரோட்டோரத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என் துணியைத் துவைக்கவா ரோட்டை அப்படியே விட்டுட்டு வந்தீங்க?"

"ஆமா. அதனால நீ விழலை. நான் தள்ளிவிட்டிருக்கேன். விழுந்தா விக்கணும்னுதான் பேச்சு. தள்ளிவிட்டா விக்கணும்னு யாரும் பேசலை." என் பக்கம் திரும்பினார். "நீதானே சாட்சி, சொல்லு."

"தள்ளிவிடற பேச்சே வரலைக்கா" என்றேன். துவைக்க வந்தவள் நான், நானே அவர் கட்சிக்குத் தாவிவிட்டேன்.

அக்கா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுதாலும் அவளுக்கு வாய் ஓயாது. "நான் ஓட்டறது உங்களுக்குப் பிடிக்கலைன்னுதானே அப்படி ஒரு பேச்சே போட்டீங்க?"

"பிடிக்காம என்ன? பயம்" என்றார் அத்தான். "நீ போயிட்டுத் திரும்பற வரைக்கும் எனக்குக் கை ஓடாது, கால் ஓடாது. ஒரு தடவை விழுந்தா வித்துடலாம், நிம்மதியா இருக்கலாம்னு நானும்தான் காத்திருந்தேன். ஆனா நேத்து அந்தத் துணியைப் பாத்தேன் பாரு... வலியோட வந்து, எனக்குத் தெரியக்கூடாதுன்னு கதவைச் சாத்திக்கிட்டுத் துவைச்சிருக்கே. அது அந்தப் பயத்தைவிட மோசமா இருக்கு."

அத்தான் சைக்கிளை எடுத்து ரோட்டில் நேராக நிறுத்தி, சீட்டைத் தன் கைத்துண்டால் துடைத்து, அவளிடம் நீட்டினார்.

"இனிமே விழுந்தாலும் எங்கிட்டயே கொடு" என்றார். "மெஷின்ல போடாதே."