அல்பத்துக்குள் மாப்பிள்ளை இல்லை

என் மகள் களவாகக் கல்யாணம் கட்டிவிட்டாள் என்று ஒரு பின்னேரம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன்.

வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட் பல்கனியில் நின்று அவள் போனில் கதைத்தது காதில் விழுந்தது: “அல்பம் முடிஞ்சுது. கவருக்குக் கறுப்புத்தான் வடிவு. அப்பாட்ட இப்ப சொல்லிப்போடாதை.” எங்கள் ஆட்களுக்கு அல்பம் இரண்டே வகை: பிள்ளை பெரியபிள்ளையானதுக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று. சாமத்தியவீட்டு அல்பம் அலுமாரிக்குள் இருந்தது. மிச்சம் மற்றதுதானே.

தாய் இல்லாத வீடு. அவளும் போய்விட்டால் நான் வைக்கும் பருப்பைக் குறை சொல்லக்கூட ஆளில்லை. சிநேகிதி வீட்டுக்குப் படிக்கப் போகிறேன் என்று அவள் கிளம்பியதும் நானும் ஓட்டோ பிடித்தேன். ஓட்டோக்காரச் சிங்களப் பெடியனைத் தம்பி முறை சொல்லி, “மல்லி, கெதியா, கெதியா!” என்று கத்தினேன். ஆஸ்பத்திரிக்கா அய்யே என்று கேட்டான். அதைவிட மோசம் என்றேன்.

கொட்டாஞ்சேனையில் கதவைத் திறந்தது சிநேகிதியின் தாய்.

“மாப்பிள்ளை எங்க?” என்றேன்.

“மாப்பிள்ளையா? உள்ள நாலு குமருகளும் ஒரு ட்ரம் செட்டும்தான் இருக்கு அண்ணே. வேணுமெண்டா ட்ரம்மைக் கூட்டிட்டுப் போங்க, எனக்கும் நிம்மதி.”

நாலு பெண்பிள்ளைகளின் றொக் இசைக்குழு. என் மகள் பாட்டும் கிற்றாரும், அந்த வீட்டுச் சிநேகிதி ட்ரம்ஸ். அல்பம் என்றது அவர்கள் பதிந்த பாட்டுத் தொகுப்பை. முதல் அல்பத்தில் நாலு பேரும் ஒரேயடியாகக் கத்துகிறார்கள்; ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் எனக்கு அது தேவாரம்போல் இருந்தது. குழு இருக்குமட்டும் பிள்ளை பக்கத்தில் இருப்பாள் என்று மனக்கணக்குப் போட்டேன். அன்றிலிருந்து அவர்களின் ஸ்பீக்கர்களைச் சுமந்தது நான்தான்.

அடுத்த வருசமே பேஸ் கிற்றார்காரி குடும்பத்தோடு கனடா போனாள். ஊரை விட்டுப் போன அவளின் தாய் தகப்பன்கூட என்னளவுக்குப் பதறியிருக்கமாட்டார்கள். கோயிலிலும் மீன் சந்தையிலும் நின்று, “நல்ல பிள்ளையா, பேஸ் வாசிக்கத் தெரிஞ்ச பிள்ளையா இருந்தாச் சொல்லுங்கோ” என்று விசாரித்தேன். ஒரு கல்யாணத் தரகர் சாதகமும் பார்க்க வேணுமோ என்று கேட்டார். தாளம் பொருந்தினால் காணும் என்றேன். ஒருத்தியும் அகப்படவில்லை.

அதனால் இரண்டாவது அல்பத்தில், கீழ்ச்சுரம் பிடிக்கிற பேஸ் இல்லாமல், பாட்டுகளுக்கு அடித்தளமே இல்லை. எல்லாம் அந்தரத்தில் நிற்கின்றன. கடைசிப் பாட்டு முடிகிற இடத்தில் ஒரு ஆம்பிளைக் குரல் கேட்கும்: “பிள்ளையள், தேத்தண்ணி ஆறுது!”

“அதை ஏன் வெட்டேல்லை?” என்று மகளிடம் கேட்டேன்.

“அந்த அல்பத்திலை சுருதி விலகாத ஒரே ஆள் நீங்கள்தான் அப்பா.”

இப்போது வேலை முடிந்து வந்து, பல்கனியில் இருந்து அதைப் போடுகிறேன். அந்த இடம் வர முன்னமே நிறுத்திவிடுவேன். என் குரலுக்குப் பிறகு மகள் சிரிக்கிறாள்.

அந்த இரண்டாவது அல்பம் முடிந்த கையோடு கீபோட்காரியும் லண்டன் போனாள். மிஞ்சிய இருவரும் மூன்றாவது அல்பத்தைத் தொடங்கினார்கள். அந்த நேரம்தான் மெல்பேர்ணில் படிக்க மகளுக்கு இடம் கிடைத்தது.

“நீங்கள் வேண்டாமெண்டாப் போகேல்லை அப்பா,” என்றாள்.

எதற்கும் ஒரு பகிடி வைத்திருக்கிற வாய் இது. அன்றைக்குப் பகிடியை விட்டுவிட்டு அலுமாரிக்கு மேலிருந்த பயணப் பெட்டியை இறக்கிவைத்தேன். “போட்டு வா” என்றேன்.

இரண்டு பாட்டுத்தான் பதிந்திருந்தார்கள். விசா வந்தது, மகள் போனாள். மூன்றாவது அல்பம் வெளிவரவில்லை.