சித்தப்பா தவறி விழுந்ததாகச் சொல்லப்பட்ட பாலம்

ரூபன் சித்தப்பா குடிபோதையில் பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்து இறந்தார் என்றுதான் எங்கள் வீட்டில் சொல்லியிருந்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கிழக்கு ஜெர்மனியின் ஒரு சிற்றூரில் அகதி முகாமில் இருந்தபோது நடந்தது. பொலிஸ் சொன்ன கதை அது. அப்பாவும் அப்போது அகதிதான், டுசல்டோர்ஃபில். அனுமதி இல்லாமல் தன் மாவட்டத்தை விட்டு அவர் வெளியே போகக்கூடாது. அனுமதி கிடைத்தபோது தம்பியின் உடலை எரித்து முடித்திருந்தார்கள்.

இந்த ஏப்ரலில் அப்பா ஓய்வு பெற்றார். "ஒருக்கா அந்த இடத்தைப் பாக்கவேணும். நீயும் வாறியே?" என்று கேட்டார்.

டுசல்டோர்ஃபிலிருந்து காலை ஏழு மணி ரயில். ஹாலே நகருக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம், பிறகு உள்ளூர் ரயிலில் நாற்பது நிமிடம். (ஊர்ப்பெயரை எழுதவேண்டாம் என்று எங்கள் வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார்.) நிலையத்திலிருந்து பாலம் இரண்டு கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை பஸ் இல்லை, நடந்தோம்.

பழைய கற்பாலம். அதன் பக்கச்சுவர் என் நெஞ்சளவு உயரம். "இதில தடக்கி விழ ஏலுமே அப்பா?" என்றேன். அவர் சுவரோடு ஒட்டி நின்று கீழே ஆற்றைப் பார்த்தார்.

முகாம் இருந்த கட்டடம் பாலத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, இப்போது குடியிருப்பு. எதிர்வீட்டுத் தோட்டத்தில் செடி வெட்டிக்கொண்டிருந்த வயதான ஜெர்மன் பெண், யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"அவர் விழவில்லை. நான்கு பையன்கள் அடித்துத் தூக்கிப் போட்டார்கள். நானும் கணவரும் யன்னலில் நின்று பார்த்தோம். ஊருக்கே தெரியும்."

"பொலிஸிடம் சொன்னீர்களா?"

"எங்களை யாரும் கேட்கவில்லையே."

ஒரு மனிதனைக் கொன்றார்கள் என்று சொல்வதற்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவேண்டுமாம். நான் தெருவே கேட்கும்படி கத்தினேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, தொழிற்சாலையில் பழகிய தன் ஜெர்மனில் நிதானமாகக் கேட்டார்: "இப்போது நாங்கள் கேட்கிறோம். சொல்வீர்களா?"

"அவர்களில் இரண்டு பேர் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள்," என்றார் அந்தப் பெண். பிறகு தன் பெயரையும் தொலைபேசி எண்ணையும் தந்தார்.

திரும்பும் ரயிலில் அப்பா சொன்னார்: "முப்பது வருசத்துக்கு மேல, குடிச்சுச் செத்தவன் எண்டு அவனோட கோவமா இருந்திட்டன் பிள்ளை. ஒரு திவசம்கூடச் செய்யேல்லை." சித்தப்பாவைக் கொன்றவர்கள் நான்கு பேர். அப்பாவையும் அவருடைய தம்பியையும் பிரித்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியவில்லை.

இப்படிப் போக நினைப்பவர்களுக்கு: வாரநாளில் போங்கள், தனியாகப் போகாதீர்கள். அலுவலகங்களுக்குப் போகுமுன் அக்கம்பக்கத்து வீடுகளில் மணியடியுங்கள். ஜெர்மனியில் கொலைக் குற்றத்துக்குக் காலாவதி கிடையாது. பழைய பொலிஸ் கோப்பைப் பார்க்க வழக்கறிஞர் மூலம் விண்ணப்பியுங்கள்.

அந்தப் பெண் போன மாதம் வாக்குமூலம் கொடுத்துவிட்டார், நான்கு பெயர்களோடு. பரிசீலிக்கிறோம் என்று அரச வழக்குத்தொடுநர் அலுவலகத்திலிருந்து பதில் வந்திருக்கிறது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அப்பா சட்டை மாற்றி, தலைவாரி, மேசையில் நிமிர்ந்து உட்கார்ந்து அந்த அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுக்கிறார். தன் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லிவிட்டு, "கொல்லப்பட்டவரின் அண்ணன்" என்கிறார்.