ஜைனப்பின் கண்ணும் ஒன்று புள்ளி எட்டும்

தென்காசியில், குற்றாலம் ரோட்டு ஸ்டுடியோ ஒன்றில் பதினொரு வருஷமாகக் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறாள் ஜைனப். தாலி கட்டும் நேரத்தில் எந்த மாமியார் கொட்டாவி விட்டாள், எந்தச் சித்தப்பா பந்திப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். வெளியே சொல்ல மாட்டாள். ஆனால் இந்த இரண்டு மாதமாக அவள் சொல்லாமல் வைத்திருந்தது வேறு விஷயம். தன் கண் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்தாள்.

நினைக்காமல் என்ன செய்வாள்? வீரகேரளம்புதூர் ஆல்பம் நாகர்கோவில் லேபில் அச்சாகி வந்தபோது ஒரே இருட்டு. மாப்பிள்ளையின் தலைமுடி எங்கே முடிகிறது, பின்னால் இருந்த திரை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அடுத்து வந்த இலத்தூர் ஆல்பமும் அதே கதிதான். இரண்டையும் படம் படமாகப் பார்த்துத் திருத்தித்தான் அனுப்பியிருந்தாள்.

முதலாளி தாணுமாலயன் கெட்ட மனிதர் இல்லை, வாய்தான் கொஞ்சம் நீளம். "இவ்வளவு இருட்டு கூடத் தெரிய மாட்டேங்குதா? போயி கண்ணக் காட்டும்மா. கண்ணு மங்கிட்டுன்னா இந்த வேலைக்கு ஆவாது" என்று எல்லார் முன்னும் சொல்லிவிட்டார்.

அவளுடைய உம்மாவுக்கு நாற்பத்திரண்டு வயதில் பார்வை போனது. ஜைனப்புக்கு இப்போது நாற்பது. ஒரு நாள் கண்ணாஸ்பத்திரி வாசல் வரை போனாள். சாரலில் நனைந்துகொண்டு கால்மணி நேரம் நின்றுவிட்டு, பயந்துபோய்த் திரும்பி வந்தாள். சவுதியில் இருக்கும் கணவன் முகம்மது சலீமிடம் மூச்சு விடவில்லை. அந்த மனுஷன் அங்கே கிடந்து தவிப்பான்.

மூன்றாவது ஆல்பத்தை அனுப்பிய அன்று லேபிலிருந்து ஜெஸ்வின் போன் செய்தான்.

"அக்கா, இதுவும் இருட்டாத்தான் இருக்கு. அடிக்காம நிறுத்தி வச்சிருக்கேன். உங்க மானிட்டர்ல காமா எவ்வளவு?"

"அது என்னது தம்பி?"

"கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவுல உள்ள சாம்பல எவ்வளவு வெளிச்சமா காட்டணும்ங்கிற கணக்கு. ரெண்டு புள்ளி ரெண்டு இருக்கணும். ஒரு படம் மெயில்ல அனுப்புறேன். வாட்ஸப்ல வந்தா கோடெல்லாம் கலங்கிரும்."

படம் வந்தது. வரிசையாகக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பாதி முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாக மெல்லிய கோடுகள்; மறுபாதி வெறும் சாம்பல். தள்ளி உட்கார்ந்து பார்க்கும்போது எந்தக் கட்டத்தில் இரண்டு பாதியும் ஒன்றாகத் தெரிகிறதோ, அதன் கீழே உள்ள எண்தான் மானிட்டரின் காமா.

"எனக்குக் கண்ணே சரியில்ல தம்பி. நான் பாத்து என்ன பிரயோசனம்?" வாய் தவறி வந்துவிட்டது.

"கண்ணு எப்படி இருந்தாலும் ரெண்டு பாதியவும் ஒரே கண்ணுதான அக்கா பாக்குது. சும்மா பாருங்க."

நாற்காலியைச் சுவர் வரை தள்ளிக்கொண்டு போய்ப் பார்த்தாள். இரண்டு புள்ளி இரண்டில் சாம்பல் பாதி தனியே வெளுத்து நின்றது. ஒன்று புள்ளி எட்டில் கோடும் சாம்பலும் கலந்து ஒரே நிறமாகிவிட்டன.

எழுந்து வந்து மானிட்டரின் மெனுவைத் திறந்தாள். காமா, ஒன்று புள்ளி எட்டு. அதை இரண்டு புள்ளி இரண்டுக்கு மாற்றியதும், லேபில் அச்சான அதே இருட்டு முகம் திரையிலும் வந்தது. மானிட்டர் வெளுப்பாகக் காட்டக் காட்ட, இவள் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. "அல்ஹம்துலில்லாஹ்" என்று போனிலேயே அழுதுவிட்டாள். ஜெஸ்வினுக்கு ஒன்றும் புரியவில்லை.

"அண்ணாச்சி, இத யாரு மாத்துனது?" என்று போனை வைத்துவிட்டு முதலாளியிடம் கேட்டாள்.

தாணுமாலயன் பின்தலையைச் சொறிந்தார். "படம் செலக்ட் பண்ண வாற பார்ட்டி, பொண்ணு கறுத்துத் தெரியுதுன்னு மூஞ்சத் தூக்குதாங்க. நீ சாப்பிடப் போயிருந்த, நான் பட்டன அமுக்கி அமுக்கிப் பாத்தேன். பளிச்சுன்னு ஆச்சு. அப்படியே விட்டுட்டேன்."

வேறு நாளாக இருந்தால் நன்றாகக் கேட்டிருப்பாள். இன்று சந்தோஷத்தில் கோபம் வர மறுத்தது.

"ரெண்டு மாசமா தூங்கப் பயந்து கெடந்தேன் அண்ணாச்சி. விடிஞ்சு கண்ணத் தொறந்தா ஒண்ணும் தெரியாமப் போயிருமோன்னு. எங்க உம்மாவுக்கு அப்படித்தான் போச்சு."

தாணுமாலயனுக்கு முகம் விழுந்துவிட்டது. "தெரியாமச் செஞ்சிட்டேம்மா" என்றார். செல்லோ டேப்பை எடுத்து வந்து, மானிட்டரின் பட்டன்களை மூடிக் குறுக்கே ஒட்டினார்.

ஜைனப் சுவரோரம் போய் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

"கோணலா ஒட்டுதீய அண்ணாச்சி" என்றாள். "இங்கன இருந்தே தெரியுது."