பைன் காயும் லாரி சீட்டும்

சாக்கு மூட்டையின் வாயைக் கட்டியிருக்கும் சணல் கயிற்றை அப்பா அவிழ்த்ததும் முதலில் வெளியே வருவது வாசனைதான். எலுமிச்சைத் தோலையும் பெயிண்டில் ஊற்றும் டர்பன்டைனையும் சேர்த்துக் கசக்கியது போன்ற அந்த நெடி, லாரியின் டீசல் வாடையோடு கலந்து வாசல் முழுக்கப் பரவும்போது, நானும் அண்ணனும் அப்பாவின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் மூட்டைக்குள் கையை விட்டுவிடுவோம். காங்கேயத்திலிருந்து தேங்காய் எண்ணெய் டின்களை ஏற்றிக்கொண்டு வடக்கே இமாசலம் வரைக்கும் ஓடுகிற லாரி அப்பாவுடையது. வடக்கே லோடு இல்லாத வாரங்களில் ஊட்டிக்குப் போய்க் காரட்டும் முட்டைக்கோசும் ஏற்றி வருவார். மலைப்பாதையில் எங்கே வண்டி நின்றாலும் இறங்கிப்போய் மரத்தடியில் பொறுக்குவது அவர் வழக்கம். மற்ற பிள்ளைகளுக்கு அவர்களுடைய அப்பாக்கள் பொம்மை வாங்கிவந்தார்கள், எங்களுக்கு வந்தது பைன் காய்.

பைன் என்றால் ஒரே மரம் என்று நினைப்பவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் கை பரபரக்கும். சவுக்கைக் காட்டி பைன் என்பவர்களிடம் பேசவே மாட்டேன். சவுக்கின் இலையைப் பிடித்து இழுத்தால் கணுக்கணுவாகக் கழன்று வரும், பைன் ஊசி அப்படி வராது, வேண்டுமானால் இழுத்துப் பாருங்கள். பைன் ஊசிகள் அடியில் ஒரு சின்ன உறைக்குள் ஒன்றாகச் சொருகி, கொத்தாக இருக்கும். கொத்துக்கு எத்தனை ஊசி என்று எண்ணிவிட்டால் பாதி வேலை முடிந்தது. இதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, எண்ணி எண்ணி நாங்களே பிடித்தது.

பெயர்களும் நாங்களே வைத்ததுதான். ஐந்து ஊசிக் கொத்துள்ள மரத்தின் காய் நீளமாக, லேசாக வளைந்து, பிசின் வழிந்து கையெல்லாம் ஒட்டும், அது "வாழைக்காய்". உள்ளங்கை நிறைய உருண்டு திரண்டு, செதில் ஒவ்வொன்றின் நுனியும் வளைந்து சட்டையைப் பிடித்து இழுப்பது "கொக்கிக்காய்". செதிலைப் பிரித்தால் உள்ளே நீள நீளமாகத் தின்கிற பருப்பு இருப்பது "பருப்புக்காய்"; அந்த மரத்தின் பட்டை நம்மூர்க் கொய்யா மாதிரி திட்டுத் திட்டாக உரிந்து வழவழவென்று நிற்குமாம். ஊட்டியிலிருந்து வருவது மட்டும் சின்னதாக, பளபளப்பாக, ஒருபக்கம் கோணலாக இருக்கும். அதற்கு "ஊட்டிக்காய்" என்பதைத் தாண்டி எங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ரோஜாப்பூப் போல விரிந்த ஒன்றை அப்பா ஒருமுறை கொண்டுவந்து எங்களைக் கிறுக்குப் பிடிக்க வைத்தார். அது பைனே இல்லை, தேவதாருக் காயின் நுனி என்று அண்ணன் பள்ளி நூலகத்தில் தேடிக் கண்டுபிடித்து வந்தபோது நாங்கள் வாசலில் குதித்த குதியில் மாடுகள் மிரண்டன.

காய்களைப் பார்த்தாயிற்று, மரத்தைப் பார்க்க வேண்டாமா? முழுப் பரீட்சை லீவு நெருங்கும் ஒவ்வொரு வருடமும் லாரியில் கூட்டிப்போகச் சொல்லி அப்பாவை அரிப்போம். கிளீனர் போக கேபினில் ஓர் ஆளுக்குத்தான் இடம். நானா அண்ணனா என்று அடிதடி முற்றிய ஒரு வருடம், வடக்கிலிருந்து வந்து அடுத்த வாரமே ஊட்டிக்கும் போய்த் திரும்பிய அப்பா, முதல்முறையாக ஊசியோடு ஒடித்த கிளைகளை ஒரு மூட்டையிலும் காய்களை ஒரு மூட்டையிலும் கொண்டுவந்து, நாலு கிளையையும் நாலு காயையும் வாசலில் பரப்பினார்.

"எந்தக் கெளைக்கு எந்தக் காயின்னு நம்மூட்ல ஆரு சரியாச் சொல்றாங்களோ, அவிங்களுக்குத்தான் சீட்டு. அப்பறம் அழுகக் கூடாது, சொல்லிப்போட்டேன்" என்றார்.

ஐந்து ஊசிக் கிளையை நான் எண்ணி முடிப்பதற்குள் அண்ணன் வாழைக்காயை அதன்மேல் வைத்துவிட்டான். மீதி மூன்றிலும் கொத்துக்கு மும்மூன்று ஊசிதான், அங்கேதான் வினை. ஒன்று சாணுக்கு மேல் நீண்டு விறைப்பாக நின்றது, கொக்கிக்காயை அதற்குக் கொடுத்தேன். மிச்சமிருந்ததில் ஒன்று விரல் நீளக் குட்டை ஊசி, தொட்டால் குத்தியது. இன்னொன்று நீளமாக, மெல்லியதாக, தலைக்குக் குளித்துவிட்டு வந்தவளின் கூந்தல் போலத் தொங்கியது. குட்டை ஊசிக்குச் சின்னக் காய், நீள ஊசிக்குப் பெரிய காய் என்று இருவருமே கணக்குப் போட்டோம். ஊட்டிக்காயைக் குட்டை ஊசியிடம் வைத்தோம், பருப்புக்காயைத் தொங்கும் ஊசியிடம் வைத்தோம், அப்பாவின் வாயைப் பார்த்தோம். அவர் உதட்டைப் பிதுக்கினார். மாற்றி வைக்க இருவரும் ஒரே நேரத்தில் பாய்ந்தோம், ஆனால் எதை மாற்றுவது என்று இருவருக்கும் தெரியவில்லை.

பாத்திரம் கழுவிய ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே அம்மா வந்து நின்றாள். "ஏனுங்க, தொங்கறது ஊட்டிதுங்க. ஊட்டி லோடு எறக்கிப்போட்டு வந்தீங்கன்னா தார்ப்பாயில இதுதான ஒட்டிட்டுக் கெடக்குது, நாந்தான உதறறேன். அப்ப அந்தக் குட்டை ஊசி பருப்புக்காயிதுங்க."

குனிந்து இரண்டு காய்களையும் இடம் மாற்றி வைத்தாள். "செரியாப் போச்சு, சீட்டு உனக்குத்தான்" என்றார் அப்பா.

"அம்மா போட்டியிலயே இல்லீங்கப்பா!" என்று அண்ணன் கத்தினான். நானும் கத்தினேன். அப்பா சிரித்தபடி, "நம்மூட்லன்னுதான சொன்னேன்? உங்கம்மா என்ன பக்கத்தூட்டுக்காரியா?" என்றார்.

அம்மா காங்கேயத்தைத் தாண்டியது கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கும் பவானி கூடுதுறைக்கும் மட்டும்தான். "எனக்குங்களா? மாட்டுக்கு ஆரு தண்ணி காட்டறது? இதுகளுக்கு ஆரு சோறாக்கறது?" என்று வேகமாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, இத்தனை வருடத்து ஆசை ஒரு தார்ப்பாயில் போய்விட்டதே என்று. கொஞ்ச நேரம் கழித்து அடுக்களையிலிருந்து, ரொம்பச் சாதாரணமாக, அவள் குரல் வந்தது. "ஏனுங்க, அங்க குளிருமுங்களா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். எனக்கு அழுகை எங்கே போனதென்றே தெரியவில்லை. சிங்காநல்லூரிலிருந்து சித்தியை வரச்சொல்ல அண்ணன் டெலிபோன் பூத்துக்கு ஓடினான், நான் பெட்டியைக் குடைந்து அப்பாவின் பழைய ஸ்வெட்டரைத் தேடி எடுத்தேன். லாரி கிளம்பிய அன்று அம்மா புதுச்சேலை கட்டி, கேபினில் ஏறத் தெரியாமல் ஏறி, ஜன்னல் வழியே, "கண்ணு, மாட்டப் பாத்துக்கோ, வாரேன்" என்றபோது, எங்கள் தெருவே நின்று பார்த்தது.

திரும்பி வந்தவள் ஒரு வாரம் தூங்கவிடவில்லை. மலை ஏற ஏற மரம் மாறுகிறதாம்! அடிவாரத்தில் கொக்கிக்காய் மரம், அதன் உடம்பைக் கீறி டப்பா கட்டிப் பிசின் இறக்குகிறார்களாம். மேலே போனால் ஐந்து ஊசி, காற்றில் நீலமாகத் தெரியுமாம். அதையும் தாண்டி மழையே இல்லாத பாறை நாட்டில் பருப்பு மரமாம். கொண்டுவந்த பருப்பைத் தெருவில் வீட்டுக்கு ஒரு கை கொடுத்தாள், எங்களுக்கு மிஞ்சியது ஆளுக்கு நாலோ ஐந்தோதான்.

இப்போது அப்பா இல்லை, லாரியை விற்றுப் பல வருடமாகிறது. ஊட்டியிலேயே சில இடங்களில் அந்தத் தொங்கும் ஊசி மரங்களை வெட்டிவிட்டுப் பழைய புல்லையும் சோலையையும் வரவைக்கிறார்களாம், அவை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்டவையாம். நல்லதுதான், ஆனாலும் கேட்டதும் மனசு ஒருமாதிரி ஆகிவிட்டது. என் மகள் மரத்துக்கு நேரே போனைக் காட்டினால் பெயர் வந்துவிடுகிறது, எங்கள் கொக்கிக்காய், வாழைக்காய், பருப்புக்காய், ஊட்டிக்காய் மரங்களைச் சிர் பைன், நீலப் பைன், சில்கோசா, பட்டுலா என்று கொத்தை எண்ணாமலே சொல்கிறாள்.

போன மாதம் ஒருவழியாக இமாசலத்துக்கு விமான டிக்கெட் போட உட்கார்ந்தேன். அம்மாவுக்கும் சேர்த்துப் போடட்டுமா என்று கேட்டதற்கு, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீ போயிட்டு வா அம்மணி. நீ காசு குடுத்துப் போற. நான் செயிச்சுப் போனவ."