ரஹீம் பாயின் மூக்கும் ஐந்து நாள் மாத்திரையும்

போன வாரம் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயிருந்தேன். எதற்கு? வேறென்ன... பால்கோவாவுக்குத்தான்!

நண்பர் ரஹீம் பாய் அங்கே சின்னதாக ஒரு பால்கோவா கடை வைத்திருக்கிறார். கேனைத் திறந்து ஒரு தடவை மோந்து பார்த்தாலே போதும், பால் தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவார். அந்த மூக்கை ஊரே நம்புகிறது.

நான் நுழைந்த நேரம் கடையில் ஒரே சத்தம். பதினைந்து வருடமாக மகாராஜபுரத்திலிருந்து பால் ஊற்றும் முனியாண்டி தலைகுனிந்து நிற்கிறார்.

"பாலா இது? மோந்தாலே கொமட்டுது. இனிமே இந்தப் பக்கம் வராத!"

"காலையில கறந்த பாலு பாய்..."

"பொய் சொல்லாதலே!"

முனியாண்டி கேன்களை பைக்கில் கட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அடுத்து இன்னொருவர் பால் கொண்டுவந்தார். அதுவும் பாய்க்குக் குமட்டியது. டீ வந்தது — அதுவும்! எனக்குப் பொறி தட்டியது.

"பாய், மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களா?"

"பல்லு வீங்கியிருக்குன்னு டாக்டர் ஆன்டிபயாடிக் குடுத்திருக்காவ. அஞ்சு நாளைக்கு. நேத்துத்தான் ஆரம்பிச்சேன். அதுக்கும் பாலுக்கும் என்ன சம்பந்தம்?"

இருக்கிறதே! போன வருடம் இதே மாதிரி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மனைவி வைத்த ரசத்தைக் குறை சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். அந்த அனுபவ தைரியத்தில் டாக்டருக்கு போன் போட வைத்தேன்.

"சிலருக்குக் குமட்டத்தான் செய்யும். சாப்பிட்டுட்டுப் போடச் சொன்னேனே... வெறும் வயித்துலயா போட்டீங்க? பாதியில மட்டும் நிறுத்திடாதீங்க" என்றார் அவர்.

பாய் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. உடனே முனியாண்டியை போனில் கூப்பிட்டார்.

நாமெல்லாம் இப்படித்தான். கோளாறு நம் உடம்பில் இருக்கும், தீர்ப்பை அடுத்தவர் மேல் எழுதுவோம். எதிரில் நிற்பவர் கூனிக்குறுகிப் போன பிறகுதான் மாத்திரை அட்டை ஞாபகத்துக்கு வரும்.

மறுநாள் காலையும் போனேன். முனியாண்டி வந்திருந்தார்.

"நேத்து பாலை என்னலே செஞ்ச?" என்று மெதுவாகக் கேட்டார் பாய்.

"நீங்களே கெட்டதுன்னு சொன்ன பொறவு எப்படி பாய் வச்சிருக்க? அம்புட்டையும் ஓடையில ஊத்திட்டேன். எம் பிள்ளைகளுக்குக்கூட ஒரு டம்ளர் குடுக்கல."

பாய் உடனே முனியாண்டி கொண்டுவந்த பாலைக் காய்ச்சச் சொன்னார். ஒரு டம்ளர் நிறைய வாங்கி, கடையிலிருந்த அத்தனை பேர் முன்னாலும் நின்று குடித்தார்.

மாத்திரை இன்னும் முடியவில்லை. குமட்டல் நிச்சயம் இருந்திருக்கும்... முகத்தில் காட்டவே இல்லை மனுஷன்!