வெட்டி ஒட்டிய மரியாதை

பொன்னாடையைப் பார்த்தாலே எனக்கு இப்போது குமட்டுகிறது. போன வருடம் கோல சிலாங்கூரில் நடந்த அந்த விழாவுக்குப் பிறகு வந்த வியாதி இது.

என் அண்ணன் பலகையில் படம் செதுக்குவார். மை தடவி, தாளை வைத்து, கரண்டியின் முதுகால் தேய்த்து எடுப்பார். தோட்டத்து லயத்துக் குழாயடி, செம்பனைக் குலை ஏற்றும் லோரி, ஆட்களை மேய்க்கும் மண்டோர் பல் துலக்குவது என்று கண்ணில் பட்டதெல்லாம் கறுப்பு வெள்ளையாகும். நான் பினாங்கில் தொழிற்சாலை வேலையில் இருந்த காலம் முழுக்க எனக்குக் கடிதம் எழுதினார். கைத்தொலைபேசி அவருக்கு ஆகாது. அவர் போய்ச் சேர்ந்த பிறகு படங்களும் கடிதங்களும் ஈஜோக்கில் என் வீட்டு அலமாரியில் இருந்தன. கோலாலம்பூரில் ஒரு காட்சிக்கூடம் மொத்தத்தையும் பிரிக்காமல் எடுத்துப் பாதுகாப்பதாகச் சொல்லியிருந்தது. அண்ணனுக்கென்று ஓர் இடம் கிடைக்கப்போகிறது என்று நான் பூரித்துப்போயிருந்தேன்.

அதற்குள் ஊர் மன்றத்துச் செயலாளர் வாசலில் வந்து நின்றார். ஒரே ஒரு நாள் கண்காட்சி, மேசையில் கண்ணாடிக்கு அடியில் வைப்போம், அப்படியே திருப்பித் தருவோம் என்று தேன் ஒழுகப் பேசினார். படங்களையும் கடிதங்களையும் தூக்கிக் கொடுத்தேன்.

விழாவன்று மேசையும் இல்லை, கண்ணாடியும் இல்லை. மேடையில், எல்லாரும் ‘வைபி’ என்று அழைக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கு மாலை, பொன்னாடை, பிறகு நினைவுப் பரிசு. தங்கநிறச் சட்டத்துக்குள் அண்ணனின் குழாயடி! சட்டத்தில் அடங்குவதற்காக நான்கு ஓரங்களையும் வெட்டியிருந்தார்கள். ஓரத்தில் இருந்த அண்ணனின் கையெழுத்து போயே போய்விட்டது. படத்துக்குக் கீழே, கடிதத்திலிருந்து நறுக்கிய ஒரு வரி. அடுத்து மன்றத் தலைவருக்கு லோரி, சமையல் குத்தகைக்காரருக்கு மண்டோர். ஆளுக்கொன்றாகக் கொடுத்துக்கொண்டே போனார்கள். கைதட்டல் வேறு.

சாப்பாட்டு மேசையருகே செயலாளரைப் பிடித்தேன்.

“காட்சிக்குன்னுதானே கேட்டீங்க?”

“ஏன்க்கா கோவப்படுறீங்க? அலமாரியில கெடந்து கரையான் திங்கிறதுக்கு, வைபி வீட்டுல தொங்கட்டும் லா. உங்க அண்ணனுக்கு எவ்ளோ பெரிய மரியாத!”

“கடுதாசிய ஏன் வெட்டுனீங்க?”

“எழுத்து முத்து முத்தா இருந்திச்சுக்கா. நல்ல வரியா பாத்துத்தான் எடுத்தோம்.”

சொல்லிக்கொண்டே ஆட்டிறைச்சிப் பிரட்டல் ஒட்டிய விரலை நக்கினார். அந்த விரல்தான் கத்தரிக்கோலைப் பிடித்திருக்கும். அவர் பக்கத்திலேயே ஒரு சட்டம் கேட்பாரற்றுக் கிடந்தது. அதன்மேல் யாரோ எலும்பு துப்பிய தட்டு. துடைத்து எடுத்துக்கொண்டேன். மீந்த கடிதங்களைப் பிளாஸ்டிக் பையில் திணித்துக் கொடுத்தார்கள்.

காட்சிக்கூடத்துக்காரர்கள் மிகவும் பணிவாக வருத்தப்பட்டார்கள். தொகுப்பு சிதறிய பிறகு இனி எடுத்துக்கொள்ள முடியாதாம்.

அந்தப் பையைப் பிரிக்க எனக்குப் பல நாள் மனம் வரவில்லை. பிரித்தபோது, அண்ணன் மருத்துவமனையிலிருந்து எழுதிய கடைசிக் கடிதம் மேலே இருந்தது. நடுவில் ஓட்டை. ஜன்னல் வழியே வயலில் மழை பெய்வதைப் பார்த்ததாக எழுதிய வரியை எடுத்திருந்தார்கள். தொலையட்டும், அந்த வரி எனக்கு மனப்பாடம். தாளைத் திருப்பினேன். அண்ணன் தாளை வீணாக்க மாட்டார், இரண்டு பக்கமும் எழுதுவார். ‘நீ வரும்போது எனக்கு’ என்று தொடங்கி, ஓட்டை. அதைத் தாண்டி, ‘கொண்டு வா’.

கொண்டுபோய்க் கொடுத்தது ஞாபகம் இருக்கிறது. வாங்கிக்கொண்டு சிரித்ததும் ஞாபகம் இருக்கிறது. என்ன கொடுத்தேன் என்பதுதான் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அந்தச் சொல் இப்போது எவன் வீட்டுச் சுவரிலோ, பசைக்குள் குப்புறக் கிடக்கிறது.